ஜன்னலை மறைத்த நாலடித் தொட்டி

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே முக்காலி. வெட்டிய லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, ஃபிரேமுக்குள் அழுத்தினால் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் விடமாட்டாள். பவர் பார்க்கிறவர் லீவு போட்ட நாட்களில் அந்த வேலையும் அவள் தலையில்தான். கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா?" என்று வந்தவர்களை எல்லாம் பொறுமையாகக் கேட்பாள். தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர்.

அவள் புருஷன் சைக்கிள் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்தவர். கம்பிவலை போட்ட சின்னத் திறப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் உத்தியோகம். அதை ரசித்துச் செய்தார். புதுக் கையுறை கேட்டு வந்த ஒரு வெல்டரிடம் பழையதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு விரல் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாராம். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வெல்டரின் மற்ற மூன்று விரல்களைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றும் வராது.

வீட்டுக்கு வந்தாலும் அவர் அந்தக் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வரவில்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. "வேணாம்" என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வேணாம். மின்விசிறி இரைகிறது, வேணாம். இரண்டாவது குழந்தை வேணாம். மகள் ஆசைப்பட்ட கல்லூரி வெளியூரில் இருந்தது, அதுவும் வேணாம். மகள் பத்தொன்பது வயதில் ஒரு பையோடு கிளம்பிப் போய், தானே வேலை தேடி, தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பாவோடு பேச்சு நின்று பதினொரு வருஷம். அம்மாவோடு மட்டும், மதிய இடைவேளையில் கடைக்குப் போன் போட்டுப் பேசுவாள்.

முதலாளி இரண்டாவது கடை திறந்தபோது, அதைக் கண்ணாடியக்காவே நடத்தட்டும் என்று சொன்னார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவள் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். விஷயம் எப்படியோ புருஷன் காதுக்குப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் காலை முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல், "உங்க வீட்டுக்காரர் நேத்து வந்திருந்தாரும்மா. உங்களுக்கு அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். அவள் தொழில் சொல்லிக்கொடுத்த பெண் அந்தக் கடைக்குப் பொறுப்பாகப் போனாள். அது நடந்து ஒன்பது வருஷம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கன்னத்தில் பாதி நுரையோடு குளியலறையில் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. "நாம சொல்றது அவருக்குப் புரியும்மா. பதில்தான் சொல்ல வராது" என்றார் டாக்டர்.

நான்காம் நாள் ஒரு வார்த்தை வந்தது. ஊசியோடு வந்த நர்ஸ் பேச்சுக்கு, "போடலாமா சார்?" என்று கேட்டாள். அவர் தெளிவாக, "சரி" என்றார்.

பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள். அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"வலிக்குதாங்க?"

"சரி."

"வலிக்கலியா?"

"சரி."

"நான் யாருன்னு தெரியுதா?"

"சரி."

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த கண்கள். 'வேணாம்' என்பதற்கு முன்னால் அவை எப்படிச் சுருங்கும் என்பது அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? கண் சுருங்கியது, வாய் 'சரி' என்றது. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே மிரண்டுபோனார். அவள் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைப்பக்கம் தூக்கிவைக்கிற கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முன்னறையில் ஜன்னலைப் பார்த்த மாதிரி போட்டாள். அவருக்குப் பிடித்த இடம் அது. எதிரே பஸ் நிறுத்தம், அதையொட்டி ஒரு டீக்கடை. எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், யார் யாரோடு போகிறார்கள், யார் எத்தனையாவது டீ குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கியவர். படுத்த பிறகும் காலையில் கண் விழித்ததும் பார்வை அங்கேதான் போகும். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் பழைய ஸ்டோர்ஸ்காரர் தெரிவார்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். "கண்ணு முன்னால ஏதாவது அசஞ்சுக்கிட்டே இருக்கட்டும்மா. மீன் தொட்டி மாதிரி. மனசுக்கு நல்லது."

மாடி வீட்டு அக்கா பார்க்க வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, மீன் தொட்டி ஒண்ணு வைக்கலாமா?"

அவர் கண் சுருங்கியது. உதடு எதற்கோ முயன்றது. "சரி."

"இந்த ஜன்னலோரமா வைக்கட்டுமா? உங்களுக்கு நேரா இருக்கும்."

"சரி. சரி. சரி!" கழுத்து நரம்பு புடைத்தது.

"பாரேன், எவ்வளவு ஆசையா சொல்றாரு" என்றாள் மாடி வீட்டு அக்கா. "இந்தக் காலத்துல படுத்துக் கெடக்கற புருஷன்கிட்ட யாரு இப்படி ஒண்ணொண்ணா கேட்டு செய்யறா? நீ தங்கம்தான்."

மறுநாளே இஞ்ச் டேப்பால் ஜன்னலை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மீனை விற்பவர் மாதிரி பேசமாட்டார், பெண்ணைக் கொடுப்பவர் மாதிரி பேசுவார். வீட்டில் எத்தனை பேர், யார் தீனி போடுவது, வெளியூர் போனால் யார் பார்ப்பது என்று விசாரித்துவிட்டுத்தான் தொட்டியையே காட்டுவார். உருண்டைக் கண்ணாடி ஜாடி கேட்டு வந்த இருவரை அவள் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார். "அது மீனுக்கு ஜெயிலுங்க. திரும்பக்கூட இடம் இருக்காது. என் கடையில கெடையாது."

அவளுடைய சீட்டை வாங்கிப் பார்த்தார். "நாலடி நீளம், ஒண்ணரை அகலம், ஒண்ணரை உசரம். நல்லதும்மா. சின்னத் தொட்டிதான் கஷ்டம். தண்ணி கொஞ்சமா இருந்தா சட்டுனு கெட்டுடும். இது இருநூத்தம்பது லிட்டர் பிடிக்கும். எங்க வைக்கப் போறீங்க?"

"ஜன்னல்கிட்ட."

"ஐயோ, வெயில் படற எடத்துல வைக்கவே கூடாது. ஒரே வாரத்துல பாசி பிடிச்சுடும்."

"பின்னால ஒட்டறதுக்குத் தாள் ஏதாவது இருக்குதா?"

"இருக்கு. நீலம், கருப்பு, கடலடிப் படம் போட்டது."

"கருப்பு குடுங்க. வெளிச்சம் துளி வராத மாதிரி."

கண்ணாடி எட்டு மில்லிமீட்டர் கனம் போதும் என்றார். அவள் பத்து கேட்டாள். கனத்த கண்ணாடியில் உள்ளே இருப்பது சற்று மங்கலாகத் தெரியும் என்று அவர் எச்சரித்தார். அது தனக்குத் தெரியும் என்றாள். காற்று ஊதும் பம்பில் இரண்டு வகை இருந்தது. ஒன்று காதை வைத்தால்தான் கேட்கும். இன்னொன்று பக்கத்து அறைவரை கர்ரென்று இரையும்.

"இதுதான் எடுங்க, சத்தமே இருக்காது" என்றார்.

"எனக்குச் சத்தம் வர்றதே போதும்."

"இரும்பு ஸ்டாண்டு மேல வெச்சீங்கன்னா அதிரும்மா."

"அதிரட்டும்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சில பேருக்கு வீட்டில் சத்தம் இல்லாவிட்டால் பயம், அந்த மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வடிகட்டியும் அவள் கேட்டபடியே: தண்ணீரை மேலே தூக்கி ஒரு ஜாண் உயரத்திலிருந்து கொட்டுகிற வகை. தண்ணீர் ஒழுகுகிற சத்தம் கேட்டாலே அவள் புருஷனுக்கு மூத்திரம் முட்டும். குழாயைச் சரியாக மூடவில்லை என்று எத்தனையோ வருஷம் வீட்டில் திட்டு விழுந்திருக்கிறது.

தொட்டி வந்து இறங்கியது. ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தெர்மாகோல் பலகை விரித்து, அதன்மேல் தொட்டியை ஏற்றினார்கள். ஜன்னலின் கீழ்ப்பாதி முழுவதும் கருப்பாக மூடிக்கொண்டது. மேல்பாதியில், படுத்திருப்பவர் கண்ணுக்கு எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிச் சுவர் மட்டும் தெரிந்தது. பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கும், கதவு திறக்கிற சத்தம் கேட்கும். யார் இறங்கினார்கள் என்று தெரியாது.

கடைக்காரர் சொன்னபடி கூழாங்கல்லைப் பத்துத் தண்ணீரில் அலசினாள். கல் என்ன நிறம் என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் வாங்கினாள். இரண்டு பையையும் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "இந்த ரோஸ் கலரே போடலாமாங்க?" என்றாள். ரோஸ் நிறத்தை அவர் வாழ்நாளில் வீட்டுக்குள் விட்டதில்லை.

"சரி."

குழாய்த் தண்ணீரிலிருக்கும் குளோரின் போக மருந்து ஊற்றினாள். தண்ணீரைச் சூடாக்கும் கருவியைப் பொருத்தினாள், வெப்பமானி ஒட்டினாள். மீன் மட்டும் உடனே விட முடியாது. தண்ணீர் பழக வேண்டும், கெட்டதைத் தின்கிற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர வேண்டும், நாலு வாரம் பொறுங்கள் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் ஒரு சிட்டிகைத் தீனியை வெறும் தண்ணீரில் போட்டு அழுகவிட்டாள். மூன்று நாளைக்கு ஒருமுறை சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று ஜன்னல் வெளிச்சம் இல்லாததால் விளக்கில் பிடித்துப் பார்த்துக் குறித்துவைத்தாள். லென்ஸ் பார்க்கிற அதே கவனம். அந்த ஒரு மாதம் அவர் ரோஸ் கல்லையும் வெறும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். பம்பு கர்ரென்று இரைந்தது. தண்ணீர் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். அவர் உடம்பை அவள் பார்த்துக்கொண்டதில் குறை சொல்ல ஆள் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தாள். கடைக்குப் போகும் அரை நாளுக்கு ஒரு அம்மாளை வைத்தாள். சாப்பாட்டை மசித்து, ஆறவைத்து, புரையேறாமல் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். ஏழு மாதத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை. பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் மற்ற நோயாளிகளின் வீட்டாரைக் கூப்பிட்டு, "இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க" என்றாள்.

நாலு வாரம் முடிந்து மீன் வாங்கப் போனவள், "வாயைத் தெறந்து தெறந்து மூடற மீன் இருக்குதா?" என்று கேட்டாள்.

"எல்லா மீனும் மூடும்."

"பெருசா. நல்லாத் தெரியற மாதிரி."

கிஸ்ஸிங் கௌராமி நாலும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்குகிற சக்கர் மீன் ஒன்றும் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள், பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டுப் பழக்குங்கள் என்றார். அவள் அப்படியே செய்தாள். ஒன்றும் சாகவில்லை. தடித்த உதடுகளோடு நாலும் கட்டிலைப் பார்த்த கண்ணாடிப் பக்கம் வந்து நின்று, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. சக்கர் மீன் கண்ணாடியில் அப்பிக்கொண்டு வயிற்றையும் வாயையும் காட்டியது.

பார்க்க வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: "அவரு பேச நெனைக்கறதையெல்லாம் இதுங்க பேசுதுங்க." எல்லோரும் சிரித்தார்கள். "அப்படித்தானேங்க?" என்று அவரிடம் திரும்பினாள்.

"சரி" என்றார். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் இருக்கும்போது 'ணங்' என்று சத்தம் கேட்டது. ஓடிவந்தாள். பக்கத்து மேஜையிலிருந்த எவர்சில்வர் தம்ளரை இடது கையால் எடுத்துத் தொட்டியின்மேல் வீசியிருக்கிறார். மீன்கள் மூலையில் போய் ஒடுங்கியிருந்தன. பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அவள் தம்ளரை எடுத்துக் கழுவினாள். மேஜையைக் கை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

"கை தவறிடுச்சா?"

அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். முடிந்தமட்டும் இறுக்கினார். அப்படியும் அது வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி வாரம் இரண்டு நாள் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். முதல் நாளே படங்கள் ஒட்டிய அட்டைகளைக் காட்டிச் சில கேள்விகள் கேட்டாள்.

"சார், இது பூனையா?" படத்தில் பூனை.

"சரி."

"இது பஸ்ஸா?" படத்தில் வாழைப்பழம்.

"சரி."

"நீங்க பொம்பளையா சார்?"

"சரி." அவர் முகம் சிவந்தது.

அந்தப் பெண் அவளைத் தனியே கூப்பிட்டாள். "அம்மா, அவரு சரின்னு சொல்றது சரி இல்லம்மா. அவருக்கு வாயில வர்றது அந்த ஒரு சொல்லுதான். சம்மதமோ மறுப்போ, ரெண்டுக்கும் அதான் வரும். அத வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க."

"அப்படியா?" என்றாள் அவள், அப்போதுதான் கேட்பவள் போல.

"இடது கை நல்லா வேலை செய்யுது. கட்டைவிரல் மேல தூக்கினா ஆமா, கீழ காட்டினா இல்ல. பழக்கிடலாம். நீங்களும் வீட்ல அப்படியே கேளுங்க. மூணே மாசத்துல பாருங்க."

இரண்டே வாரத்தில் பழகிவிட்டார். பூனைக்கு மேலே, வாழைப்பழம் பஸ்ஸா என்றால் கீழே. தப்பே இல்லை. அந்தப் பெண் கைதட்டினாள். பயிற்சி நேரம் முடிந்து அவள் கிளம்பியதும், அவர் தன் கட்டைவிரலைக் கீழே காட்டி, கையை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டி ஆட்டுவார். கண்ணாடியக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைத் துடைப்பாள். கேட்டால்தானே பதில்? அவர் விரலைப் பார்த்துக்கொண்டு அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்ததும், கண்ணாடியக்கா போர்வையை எடுத்து அவருக்கு மார்புவரை இழுத்துவிட்டாள். இடது கையையும் உள்ளே வைத்து விளிம்பை மெத்தைக்கடியில் செருகினாள்.

"என்னங்க, வாராவாரம் இந்தப் பொண்ணு வந்து படுத்தறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குல்ல? இனிமே வர வேணாம்னு சொல்லிடலாமா?"

"சரி" என்றார். போர்வைக்குள் கை துள்ளியது. துணி முஷ்டியாக எழுந்து எழுந்து அமுங்கியது. "சரி, சரி, சரி."

பயிற்சிப் பெண் போர்வையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கைய வெளிய எடுங்கம்மா."

"அவருக்குக் குளுருது."

"நான் சொன்னது உங்களுக்கு மறந்து போச்சா?"

"நீ சொன்னது எதுவும் மறக்கல" என்றாள் அவள். வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலு நாள் கழித்து, பதினொரு வருஷமாகப் படியேறாத மகள் படியேறி வந்தாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவள் எண் இருந்திருக்கிறது, பயிற்சிப் பெண் போன் போட்டிருக்கிறாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் அப்பாவின் இடது கையைப் பிடித்தாள்.

"அப்பா, இந்தத் தொட்டி உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கட்டைவிரல் கீழே போனது.

"இங்க வைக்கலாம்னு நீங்க சொன்னீங்களா?"

கீழே.

"எடுத்துடணுமா?"

விரல் மேலே எழுந்தது. இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். முகத்தைத் திருப்பித் தலையணையில் வைத்து, ஆண்கள் அழும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தத்தோடு அழுதார்.

மகள் சமையலறைக்கு வந்தாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும். மொதல் நாள்லேருந்தே தெரியும், இல்லம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சே பண்ணியா?"

"ஆமா."

மகள் குழாயை மூடினாள். மறுப்பாள், சமாளிப்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"அவரு பண்ணது எல்லாம் எனக்கும் தெரியும்மா. நான் ஏன் போனேன்? ஆனா அவரு நெஜமாவே அதெல்லாம் வேணாம்னு நெனச்சு சொன்ன மனுஷன். முட்டாள்தனம், திமிரு, என்ன வேணா சொல்லு. நீ அப்படியில்ல. பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்க."

"கேட்டேன்ல?" அம்மா கையை உதறிவிட்டுத் திரும்பினாள். "கல்லு என்ன கலருன்னு கேட்டேன். எங்க வைக்கலாம்னு கேட்டேன். முப்பது வருஷத்துல அவரு என்கிட்ட ஒரு தடவ கேட்டிருப்பாரா? கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேன்."

"நான் அவர என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கும் அவருக்கும் பேச்சே கெடையாதே."

"அதனால என்ன? நீயும் வா. இந்தத் தொட்டிய யார்கிட்டயாவது குடுத்துட்டு வா."

"நான் வரல."

சனிக்கிழமை வண்டி வந்தது. அவள் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தாள். எந்த மாத்திரை எந்த நேரம், எந்தப் பக்கம் எத்தனை நேரம் படுக்கவைக்க வேண்டும், எதைச் சாப்பிட்டால் புரையேறும் என்று குண்டு குண்டான எழுத்தில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஸ்ட்ரெச்சரில் அவரை வாசலுக்குக் கொண்டுபோனபோது வெகு நாளைக்குப் பிறகு தெரு அவர் கண்ணில் பட்டது. டீக்கடையைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்றது, இறங்கியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவள் போர்வையைச் சரிசெய்ய வந்தாள். அவர் திரும்பவில்லை.

மாடி வீட்டு அக்கா, "பாவம், தங்கமாப் பாத்துக்கிட்ட. பொண்ணுகிட்ட விட்டுட்டயே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாடகைக் கட்டில் இருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பம்பின் இரைச்சல் அவள் காதில் விழுந்தது. இத்தனை மாதம் அவர் கேட்கிறார் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லைக் கூசவைக்கிற அதிர்வு. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் இருநூற்றைம்பது லிட்டரை இறைக்காமல் ஸ்டாண்டை ஒரு அங்குலம் நகர்த்த முடியாது.

இரண்டு மாதம் கழித்து மகள் கடைக்குப் போன் போட்டாள். குரலில் சந்தோஷம். "அம்மா, அப்பாவுக்குப் புதுசா ஒரு வார்த்த வந்திருக்கு. 'அவ'ங்கறாரு. காலைல எந்திரிச்சதும் வாசலப் பாத்து 'அவ, அவ'ங்கறாரு. உன்னத்தாம்மா."

அவள் கையில் பாதி தேய்த்த லென்ஸ் இருந்தது. "வெரல் எப்படி இருந்துச்சு?"

"என்னது?"

"'அவ'ன்னு சொல்றப்ப கட்டவெரல் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"நான் அதப் பாக்கலம்மா" என்றாள். பிறகு மகள் போனை வைத்துவிட்டாள். அன்று தேய்த்த லென்ஸ் ஃபிரேமில் உட்காரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்றைக் குப்பையில் போட்டது அன்றைக்குத்தான்.

வேலை முடிந்து தொட்டிக் கடைக்குப் போனாள். சத்தமில்லாத பம்பு ஒன்றைக் கேட்டாள்.

"சத்தமாத்தான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினீங்களேம்மா?"

"அவருக்காக வாங்கினது."

"சாரு எப்படி இருக்காரு?"

"பொண்ணு வீட்ல இருக்காரு."

"அப்ப இனிமே நீங்க பாக்கறதுக்குத்தான் தொட்டி. தண்ணி நல்லா பழகியிருக்கும், இன்னும் நாலஞ்சு மீன் தாராளமா விடலாம். வாங்க, உங்களுக்குப் பிடிச்சதா எடுங்க."

தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போனார். ஒரு சிவப்பு வாலைக் காட்டி, "இது எப்படி இருக்கு?" என்றார். நீலக்கோடு போட்ட சின்ன மீன் கூட்டத்தைக் காட்டி, "இல்ல, இதா?" என்றார். வரிவரியாக இருந்ததைக் காட்டினார். அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். முன்பு வந்தபோதெல்லாம் கை தானாக ஒன்றைக் காட்டியது. அவர் எதைப் பார்த்தால் முகம் சுளிப்பார் என்று நினைத்தால் போதும், மீன் கிடைத்துவிடும். இப்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தன. எதையும் வேண்டும் என்று தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. கடைக்காரர் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவளுக்கு வியர்த்தது.

"அப்புறமா வரேன்" என்றாள். பம்பையும் வாங்காமல் வெளியே வந்தாள்.

அதன் பிறகு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் தீனி டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பழைய நாலு மீனும் சக்கர் மீனும் இன்னும் உயிரோடிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் போட்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்து, புதுத் தண்ணீருக்கு மருந்து கலந்து, சூடு பார்த்து ஊற்றுகிறாள். கல்லைக் கிளறிச் சுத்தம் செய்கிறாள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள்.